பெரிசின் இடது கை

பயந்தாங்கொள்ளிகளுக்கு ஒரு சங்கம் இருந்தால் அவள்தான் அதற்கு ஆயுட்காலத் தலைவி. சுவரில் பல்லி ஓடினால் இவள் தெருவில் ஓடுவாள். லிஃப்ட் லேசாகக் குலுங்கினால் போதும், அடுத்த மாடியிலேயே இறங்கிப் படியேறத் தொடங்கிவிடுவாள். அவளுக்கு நேர் எதிர் அவள் அண்ணன். சினிமாவில் கதாநாயகர்களுக்குப் பதிலாக மாடியிலிருந்தும் குதிரையிலிருந்தும் ஓடும் வண்டியிலிருந்தும் விழுந்து பிழைத்தவர். "ஒரு வயித்துல பொறந்த ரெண்டு பேர்ல பயம் மொத்தத்தையும் தங்கச்சியே வாரிக்கிட்டா அண்ணனுக்கு மிச்சம் எங்கேர்ந்து வரும்?" என்று அண்ணி கேட்பார். அந்த வாரம் அவள் பயந்தது பல்லிக்கும் இல்லை, லிஃப்டுக்கும் இல்லை. அண்ணனின் இடது கையைப் பார்த்துப் பயந்தாள்.

இருவரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். வீடியோ கேம் செய்கிற கம்பெனி. அண்ணன் வெள்ளைப் பந்துகள் ஒட்டிய கறுப்பு உடையை மாட்டிக்கொண்டு ஒரு பெரிய காலி ஹாலில் நடப்பார், ஓடுவார், விழுவார். சுற்றிலும் உள்ள கேமராக்கள் அந்தப் பந்துகளின் அசைவை மட்டும் பிடித்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அங்கே அவர் ஒரு குச்சி மனிதனாகப் போய்ச் சேருவார். அந்தக் குச்சி மனிதனுக்குத் தோலும் தாடியும் தொப்பியும் போர்த்துகிறவர்கள் வேறு ஆட்கள். அதற்கு முன்னால் அசைவைச் சுத்தம் செய்து கொடுப்பது தங்கையின் வேலை. எங்காவது ஒரு பந்து நழுவியிருக்கும், கை கேமராவுக்கு மறைந்திருக்கும், கால் தரைக்குள் புதைந்திருக்கும். உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரி செய்வாள். அரிசியில் கல் பொறுக்குவது மாதிரிதான். கல் இருந்ததே சாப்பிடுகிறவருக்குத் தெரியக்கூடாது.

அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு கௌபாய் கேம். தூசி, குதிரை, துப்பாக்கி, கண்ணுக்கு எட்டிய வரை மாட்டுப் பண்ணை. அந்தப் பண்ணையில் வேலி கட்டுவதற்கும் கன்றுக்குத் தீனி வைப்பதற்கும் வயதான வேலைக்காரர் ஒருவர் உண்டு. கதையில் அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது, கம்பெனியில் அதை ஒருவரும் சொன்னதில்லை. எல்லோருக்கும் அவர் 'பெரிசு'. முதல் பாகத்தில் ஓரமாக நின்றுவிட்டுப் போகவேண்டிய ஆள்தான். ஆனால் விளையாடியவர்கள் கதாநாயகனை அம்போவென்று விட்டுவிட்டுப் பெரிசின் பின்னாலேயே சுற்றினார்கள். அதனால் இரண்டாம் பாகத்தில் அவருக்குக் காட்சிக்கு மேல் காட்சி. பெரிசுக்கு உடம்பு கொடுத்தவர் அண்ணன்தான். கம்பெனியில் அவரை மாஸ்டர் என்பார்கள்.

கண்வலி வந்து ஒரு வாரம் வீட்டில் கிடந்துவிட்டு அவள் வேலைக்குத் திரும்பிய காலையில், கேமில் பிழை கண்டுபிடிக்கிற பெண் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். அவளுக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி.

"அக்கா, கண்ணு சரியாயிடுச்சா? இப்போ நல்லாத் தெரியுதா?"

"தெரியுது. ஏன்?"

"அப்போ உங்க பெரிசைக் கொஞ்சம் பாருங்க. இடது கையை எங்கயோ அடகு வெச்சுட்டு வந்திருக்கார்."

அவள் சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். தொழுவத்திலிருந்து பெரிசு வந்துகொண்டிருந்தார். வலது கை வீசியது. இடது கை முழங்கையில் மடங்கி விலாவோடு ஒட்டிக்கொண்டு அப்படியே இருந்தது. இடது கால் முழுசாகத் தூக்காமல் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. வேலி முனையில் திரும்புவதற்கு அவர் உடம்பை ஒரேயடியாகத் திருப்பவில்லை. பீரோவை நகர்த்துகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்.

"நான் லீவுல இருந்தப்போ சுத்தம் பண்ணாமலே ஏத்திட்டாங்க. பந்து நழுவியிருக்கும்" என்றாள். "அதை நான் பாத்துக்கறேன்."

இது அவள் வாயில் எப்போதும் இருக்கிற வார்த்தை. ஹாலில் ஒவ்வொரு காட்சி முடிந்ததும் அண்ணன் அவள் பக்கம் திரும்பி "எப்படி?" என்பார். இவள் "அதை நான் பாத்துக்கறேன்ணா" என்பாள்.

பின்னாலிருந்து டைரக்டரின் குரல் வந்தது. "யாரும் அதுல கைய வெக்கக்கூடாது! சொல்லிட்டேன்."

சின்ன வயசு டைரக்டர். சந்தோஷம் வந்தால் நிற்க இடம் போதாது அவருக்கு. "மேடம், மாஸ்டர் என்னமா நடிச்சிருக்கார்! இவ்வளவு நாளா இந்த நடையை எங்க ஒளிச்சு வெச்சிருந்தார்? இதையும் பாருங்க, இதைப் பாத்துட்டுச் சொல்லுங்க."

திரையில் பெரிசு வேலியில் சாய்ந்து சும்மா நின்றார். இந்தப் பாகத்துக்குத்தான் விரல் அசைவையும் பிடிக்கிற கையுறை புதிதாக வந்திருந்தது. பெரிசின் இடது கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் மேல் மெதுவாக, நிற்காமல் உருண்டுகொண்டிருந்தது. இரண்டு விரலுக்கும் நடுவில் பழுப்பாக ஒரு சிட்டிகை.

"புகையிலை உருட்டறார். கதையில கிடையாது, நானும் சொல்லல. அவராவே பண்ணியிருக்கார். அதான் விரலுக்கு நடுவுல புகையிலையை நாங்களே வெச்சுட்டோம். எப்படி?"

பூதக்கண்ணாடி கை தட்டினாள். இவளும் தட்டினாள். அண்ணனைப் புகழ்ந்தால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் தட்டி முடித்த பிறகும் நெஞ்சில் முள் மாதிரி ஏதோ ஒன்று நின்றது. அண்ணனுக்குப் புகையிலை வாடையே ஆகாது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அதைத்தான் முதலில் கேட்டாள். மாடியில் அவள், கீழே அண்ணனும் அண்ணியும். அண்ணன் வெளியே கிளம்புவதற்காகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, வேலியில சாஞ்சு நிக்கற காட்சியில புகையிலை உருட்டினியே, அது யாரு சொல்லிக்கொடுத்தது? டைரக்டர் தலைமேல வெச்சு ஆடறார்."

"எந்தப் புகையிலை?"

"இடது கையில. விரலால உருட்டிக்கிட்டே இருந்தியே."

"நான் ஒண்ணும் பண்ணலயே பாப்பா." அவருடைய முகத்தில் நடிப்பு இல்லை. "சும்மா நில்லுங்கன்னாங்க. நின்னேன். அவ்வளவுதான்."

கேட்ட கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று பார்த்தாள். "சரி, கேமரா ஏதோ தப்பாப் பிடிச்சிருக்கும்" என்று சொல்லி வைத்தாள்.

"உங்கண்ணன் கிளம்பறதுக்குள்ள கடையே மூடிடும்" என்று அண்ணி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "பொத்தான் போடறதுக்கே இப்பல்லாம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நேரம் எடுத்துக்கறார். அது போகட்டும். காலையில அடுப்புல பால் தீஞ்சு வீடு பூரா நாத்தம். பக்கத்துலயே உக்காந்திருக்கார், மூக்குல ஏறலயாம். கேட்டா, தோள் வலின்னு பதில் சொல்றார். மூக்கு எப்போலேர்ந்து தோள்ல இருக்கு?"

அண்ணன் சிரித்தார். அவளும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள். கண் மட்டும் அவருடைய கடைசிப் பொத்தானை விட்டு நகரவில்லை. வலது கை போட்டுக்கொண்டிருந்தது. இடது கை துணியைப் பிடிக்கவேண்டும், பிடிக்கவில்லை.

மாடிக்கு வந்து படுக்கையில் உட்கார்ந்தாள். அம்மாவின் கடைசி வருஷங்கள் ஞாபகத்துக்கு வராமல் இருக்க என்னென்னவோ செய்தாள். துணி மடித்தாள், குழாயைத் துடைத்தாள். அம்மாவுக்கு இருந்தது நடுக்குவாதம். விரலில்தான் ஆரம்பித்தது. அப்புறம் நடை. அப்புறம் பேச்சு, முழுங்குவது, எல்லாம். அம்மாவைக் குளிப்பாட்டி, தூக்கி, ஊட்டி, கடைசி வரை பார்த்துக்கொண்டது அண்ணன்தான். அப்போது ஒருநாள் விளையாட்டாகத்தான் சொன்னார்: "எனக்கு இப்படி ஏதாவது வந்தா, அதை முதல்ல எங்கிட்ட வந்து சொல்றவன்தான் எனக்கு எதிரி." சொல்லிவிட்டு அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. இது பெரும்பாலும் பிள்ளைகளுக்கு வருவதில்லை என்று அம்மாவின் டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தை அவள் இத்தனை நாளும் தாயத்து மாதிரி கட்டிக்கொண்டு திரிந்தாள்.

மறுநாள் வேலைக்குப் போனதும் பழைய பதிவுகளைத் திறந்தாள். தான் சரி செய்தவற்றை அல்ல, கேமராவிலிருந்து வந்தபடியே இருந்தவற்றை. முதல் பாகத்துக்காக எடுத்த ஒரு நடை. குச்சி மனிதன் இரண்டு கையையும் வீசி நடந்தான். கொஞ்ச மாதம் கழித்து எடுத்தது. இடது கை சற்றுக் குறைவாக வீசியது. இன்னும் கொஞ்ச மாதம். பாதிதான். அடுத்தது. அடுத்தது. ஒரே ஆள், ஒரே ஹால், ஒரே நடை. கை மட்டும் தேய்ந்துகொண்டே வந்து நின்றுபோனது. தாடி இல்லை, தொப்பி இல்லை, முகம்கூட இல்லை. அதனால் எதையும் மறைக்க முடியவில்லை.

இதை அவள் பார்க்காமல் இல்லை. தினமும் பார்த்தாள். பந்து நழுவிவிட்டது என்று நினைத்து, வலது கையின் வீச்சை எடுத்து இடது கைக்கு ஒட்டினாள். தினமும் அதையே செய்ய அலுத்துப்போய், ஒரே தட்டில் முடிகிற மாதிரி கம்ப்யூட்டரில் ஒரு பொத்தான்கூடச் செய்து வைத்திருந்தாள். அதற்கு 'இடது கை' என்று பெயரும் போட்டிருந்தாள். எப்போதாவது நடக்கிற தப்புக்கு யாராவது பொத்தான் செய்வார்களா? தினமும் ஒரே பந்து, ஒரே கையில் மட்டும் நழுவுமா? வேறு யாருடைய பதிவுக்காவது அந்தப் பொத்தான் தேவைப்பட்டதா? இந்தக் கேள்விகளை அவள் ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அவள் மறைத்தது மட்டுமில்லை, பரிமாறி, நன்றாக இருக்கிறது என்று பாராட்டும் வாங்கிவிட்டாள். அண்ணனும் அதைத்தான் பார்த்தார். திரையில் பெரிசு இரண்டு கையையும் வீசி நடப்பதைப் பார்த்து, "நம்ம உடம்பு இன்னும் அப்படியேதான் இருக்கு பாப்பா" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! அந்தப் பொத்தானைத் தட்டிய விரலை வெட்டிப் போடலாமா என்று இருந்தது.

பூதக்கண்ணாடி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, மூஞ்சி வெளுத்துக் கிடக்கு? பேயைப் பாத்தீங்களா?"

"கண்ணு இன்னும் கொஞ்சம் உறுத்துது" என்றாள்.

அப்போதுதான் டைரக்டர் வந்து அடுத்த வாரத்துப் பெரிய காட்சியைச் சொன்னார். தொழுவத்தில் தீ. பரணில் மாட்டிக்கொண்ட கன்றை இறக்கிவிட்டுப் பெரிசு மேலிருந்து மல்லாக்க விழுகிறார். இரண்டு ஆள் உயரத்துக்குப் பரண் போட்டாகிவிட்டது, கீழே மெத்தை. வேறு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று இவர்கள் சொன்னதற்கு, "நான் விழாம வேற யாரு விழுவா?" என்று மாஸ்டர் கோபித்துக்கொண்டாராம். "பின்னாடி பாக்காம, விளிம்புல அப்படியே நடந்துவந்து விழறேன்னார். அந்த நடையோட! நினைச்சாலே சிலிர்க்குது மேடம்."

அவளுக்கும் சிலிர்த்தது. விளிம்பில் அந்த இடது கால் தேய்வது கண்முன்னே வந்தது. உடம்பை ஒரேயடியாகத் திருப்ப முடியாதவர் நடுவானில் எப்படித் திரும்புவார்? மெத்தையில் எப்படி விழவேண்டுமோ அப்படித் திரும்பி விழுவதில்தான் உயிரே இருக்கிறது என்று அவர்தான் அவளுக்குச் சொல்லியிருக்கிறார்.

சொல்லிவிடவேண்டியதுதானே? சொல்லலாம். மூன்று நாள் அதற்காகவே கீழே இறங்கிப் போனாள். ஒருநாள் காப்பி குடித்துவிட்டு வந்தாள். ஒருநாள் அண்ணியோடு கதை பேசிவிட்டு வந்தாள். ஒருநாள் வாயைத் திறந்தேவிட்டாள். அண்ணன் நிமிர்ந்து "என்ன பாப்பா?" என்றார். "மழை வருமா?" என்று கேட்டுவிட்டு மாடியேறிவிட்டாள். சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று இருந்தது. சொல்லாவிட்டாலும் அது உண்மைதான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டா போகும்? ஆனாலும் அவளுடைய உலகம் அண்ணன்தானே, அதை அவள் எப்படித் தன் கையாலேயே இருட்டாக்குவாள்?

கடைசியில் பயந்தாங்கொள்ளிகள் எடுக்கும் வழியை எடுத்தாள். பொய் சொன்னாள். உயரத்திலிருந்து விழுவதற்கு டாக்டர் சர்டிபிகேட் வேண்டுமாம், கம்பெனியில் புதுச் சட்டம் என்றாள். டாக்டரே கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார், தான் வாயைத் திறக்கவேண்டாம் என்பது கணக்கு. அண்ணனுக்கு ஒரே உற்சாகம். புதுச் சட்டை போட்டுக்கொண்டார். பொத்தானை அண்ணி போட்டுவிட்டார்.

அவள் தேடிப் பிடித்தது வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த ஒரு பொது டாக்டரம்மா. அம்மாவைப் பார்த்தவர் இல்லை. சின்ன அறை, ஒரு மேஜை, எடை பார்க்கிற கருவி, வெளியே நீளமாக ஒரு தாழ்வாரம். டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்தார், மூச்சை இழுத்து விடச் சொன்னார், முழங்காலில் தட்டினார். "எத்தனை எலும்பு உடைஞ்சிருக்கு?" என்று கேட்டார். "உடையாததைச் சொன்னா சீக்கிரம் முடியும் டாக்டர்" என்றார் அண்ணன். டாக்டரம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

"சரி, அந்தக் கோடி வரைக்கும் நடந்துட்டு வாங்க."

அங்கேதான் அவளுடைய கணக்கு தப்பியது. நடங்க என்று யாராவது சொன்னால் அண்ணனுக்கு அது நடை இல்லை, காட்சி. ஹாலில் வேலி, கன்று, வசனம் என்று கவனம் பத்துப் பக்கம் ஓடும்; இங்கே நடை ஒன்றுதான். எழுந்தார். தோளைப் பின்னால் தள்ளினார். நெஞ்சை நிமிர்த்தினார். கதவைத் தாண்டி, ஊரையே விலைக்கு வாங்க வந்தவர் மாதிரி நடந்தார். இரண்டு கையும் அளந்து வைத்த மாதிரி வீசின. கோடியில் ஒரே சுழற்சியில் திரும்பினார். வெளியே காத்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் வாசற்படியில் நின்று பார்த்தாள். அது எந்த நடை என்று அவளுக்குத் தெரியும். முதல் பாகத்தில் ஊர்க்காவல் அதிகாரி ஷெரீஃபுக்கு அவர் கொடுத்த நடை.

திரும்பி வந்து உட்கார்ந்து அவளைப் பார்த்து, "எப்படி?" என்றார்.

அவள் வாசற்படியை விட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இந்த வயசுல இப்படி நடக்கறவங்களை நான் பாத்ததில்ல" என்று டாக்டரம்மா சிரித்தார். "தாராளமா விழலாம்." பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

ஒரு கையெழுத்து. அதற்கப்புறம் பரண். அதற்கப்புறம் அந்த விளிம்பு. வாயைத் திறந்தால் அண்ணனுக்கு எதிரி, திறக்காவிட்டால் எமன். பேனா காகிதத்தில் பட்டது. அவள் எழுந்தே விட்டாள். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது.

"டாக்டர், எழுதாதீங்க! அது நடிப்பு."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"இப்போ நடந்தாரே, அது நடிப்பு. எங்கண்ணன் நடக்கறது அப்படி இல்ல. எங்கண்ணன் நடக்கறது..." பையிலிருந்து போனை எடுத்தாள். கம்பெனிக்குள் இருக்கும் காட்சியை வெளியே கொண்டுவந்தால் அன்றோடு வேலை போய்விடும். எல்லாச் சட்டத்துக்கும் பயப்படுகிற அவள்தான் அன்று காலை அதைப் போனில் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். ஓட விட்டு, மேஜை மேல் டாக்டரம்மாவுக்கு முன்னால் வைத்தாள்.

தொழுவத்திலிருந்து பெரிசு வந்தார். இடது கை விலாவோடு ஒட்டியிருந்தது. கால் தேய்ந்தது. வேலி முனையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார். டாக்டரம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் போனைக் கிட்டே இழுத்தார்.

அண்ணன் எட்டிப் பார்த்தார். கண்ணாடி போட்டிருக்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "யாரு பாப்பா இது? அம்மா நடக்கற மாதிரியே இருக்கு..." என்றார்.

திரையில் பெரிசு வேலிக்கு வந்து சாய்ந்து நின்றார். தொப்பி தெரிந்தது, தாடி தெரிந்தது. அண்ணன் இன்னும் குனிந்தார்.

"இது நம்ம பெரிசு இல்ல?" குரல் இறங்கிவிட்டது. "நான் இப்படி நடக்கலயே. நான் பாத்திருக்கேனே. ரெண்டு கையும்..."

"நான் சரி பண்ணினதுண்ணா." அவளுக்கு அழுகை முட்டியது. "பந்து நழுவுதுன்னு நினைச்சேன். ஒவ்வொரு தடவையும் நான்தான் சரி பண்ணினேன். நீ பாத்தது எல்லாமே நான் சரி பண்ணினது."

போனில் பெரிசின் விரல் உருட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் அதையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கண்ணைத் தாழ்த்தித் தன் மடியைப் பார்த்தார். முழங்காலின் மேல் சும்மா கிடந்த அவருடைய இடது கை, புகையிலை இல்லாமல், அதே வேகத்தில் உருட்டிக்கொண்டிருந்தது. வலது கையால் அதைப் பொத்தினார். நின்றது. எடுத்தார். திரும்ப ஆரம்பித்தது.

அம்மாவைத் தூக்கிப் படுக்கவைத்த ஆள். எந்த விரலில் ஆரம்பித்து எங்கே போய் முடியும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இரண்டாவது மாடியிலிருந்து சிரித்துக்கொண்டே விழுந்தவரின் முகத்தில் அவள் முதல்தடவையாகப் பயத்தைப் பார்த்தாள். வாழ்நாள் பூரா தன் முகத்தில் சுமந்த பயத்தை அண்ணன் முகத்தில் பார்ப்பது இவ்வளவு கொடுமை என்று அவளுக்குத் தெரியாது.

"இன்னொரு தடவை நடக்கலாமா?" டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார். "இந்தத் தடவை நூறுலேர்ந்து ஏழு ஏழா குறைச்சுச் சத்தமாச் சொல்லிக்கிட்டே நடங்க. நடையைப் பத்தி யோசிக்காதீங்க. கணக்கை மட்டும் பாருங்க."

அண்ணன் எழுந்தார். தோளைப் பின்னால் தள்ளவில்லை. "தொண்ணூத்து மூணு" என்றார். "எண்பத்தாறு." இரண்டு கையும் வீசின. அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இப்படியே போய்விடட்டும், எல்லாமே தன் கண்வலியாக இருந்துவிடட்டும் என்று வேண்டினாள். "எழுபத்து... எழுபத்தொம்பது." யோசித்தார். யோசனை கணக்கில் போனதும் இடது கை மெதுவாக மேலே ஏறி, மடங்கி, விலாவோடு ஒட்டிக்கொண்டது. கால் தேயும் சத்தம் கேட்டது. கோடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார். தொப்பியும் தாடியும் இல்லாத பெரிசு, புதுச் சட்டையோடு, எழுபத்திரண்டைத் தேடிக்கொண்டு அவளை நோக்கி வந்தார்.

டாக்டரம்மா சர்டிபிகேட்டை இரண்டாக மடித்து ஓரமாக வைத்தார். அம்மாவுக்கு இருந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நரம்புக்கான பெரிய டாக்டரிடம் போகவேண்டும், மருந்து இருக்கிறது, அம்மா காலத்தைவிட இப்போது எவ்வளவோ பரவாயில்லை என்று பேசிக்கொண்டிருந்தார். பரணில் ஏறவே கூடாது என்றார். அவளுக்குப் பாதிதான் காதில் விழுந்தது.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். பழக்க தோஷம், அவள் பக்கம் திரும்பினார்.

"எப்படி?"

அதை நான் பாத்துக்கறேன் என்று நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. அதை முழுங்கினாள்.

"நல்லா இல்லண்ணா."

அவர் தலையாட்டினார். "பயமா இருக்கு பாப்பா" என்றார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி இடது கையை அவள் பக்கம் நீட்டினார். அவள் அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கைக்குள்ளும் அந்த விரல் உருட்டிக்கொண்டேதான் இருந்தது.